முப்பத்தொரு பை, ஏழு உருப்படி

1

1974 ஜனவரி 18, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிஷம். மயிலாப்பூரில் வானம் தெளிவு. வடகிழக்கிலிருந்து காற்று, கொடியில் போட்ட வேட்டி கம்பிக்கு மேலே ஏறிச் சுற்றிக்கொள்ளும் அளவுக்கு. என் தங்கை பங்கஜத்தின் வீட்டு மொட்டைமாடியில் முப்பத்தொரு பைகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பைகளுக்குள் மொத்தம் நூற்றுப் பதினான்கு சாமான்கள். இரண்டு தரம் எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

இன்று அதே தேதி, ஒரு வருஷம் கழித்து, சனிக்கிழமை. கிளாஸ்கோவில் காலை பத்து மணிக்கும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மழை தொடங்கிப் பதினோரு நாள் ஆகிறது. இங்கே அறையைச் சூடாக்கும் காஸ் அடுப்புக்கு ஒரு மீட்டர் உண்டு. நாணயம் போட்டால்தான் எரியும். ஒரு நாணயத்துக்கு அறுபத்தைந்து நிமிஷம். கையில் நான்கு இருக்கிறது. அவை தீர்வதற்குள் இதை எழுதிவிடப் பார்க்கிறேன். விரல் விறைத்துவிட்டால் என் எழுத்து எனக்கே புரிவதில்லை.

அந்தப் பைகள் என் மகள் மைதிலியுடையவை. அவளுக்கு அப்போது வயது இருபத்திரண்டு ஆகப் பதினாறு நாள் பாக்கி. அடையாறு முகத்துவாரத்திலிருந்து மகாபலிபுரம் வரைக்கும், ஏறக்குறைய முப்பது மைல், கடல் வழியாக, துடுப்புப் போட்டுக்கொண்டு, தனியாகப் போகப்போகிறாள். வழியில் ஓர் இரவு கோவளத்து மணலில் கூடாரம் போட்டுத் தங்குவாள். அதற்கான மூட்டைமுடிச்சுகள் அவை.

அவளை நாலு வயதில் கூட்டிக்கொண்டு 1956-இல் நானும் மனைவியும் கப்பல் ஏறினோம். மயிலாப்பூரில் கணக்கு வாத்தியாராக இருந்தவன், இங்கேயும் கணக்கு வாத்தியாரானேன். மனைவி இறந்து மூன்று வருஷம் கழித்து, நானும் மகளும் எட்டு வார விடுமுறையில் சென்னைக்குப் போனோம். பிப்ரவரி 4-ஆம் தேதிக்கு இரண்டு பேருக்கும் திரும்ப டிக்கெட். போன மூன்றாவது வாரம், அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் மைதிலிக்கு வேலை கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்கள். விளையாட்டும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஜனவரி 31-ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"என்னம்மா சொல்லப்போறே?" என்று கேட்டேன்.

"கடல்ல போயிட்டு வந்து சொல்றேன்பா," என்றாள்.

என்னோடு திரும்பி வருவாளா, அங்கேயே தங்கிவிடுவாளா. எனக்கு இருந்தது அந்த ஒரு கேள்விதான். அதற்குமேல் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, எத்தனை பை, எத்தனை கயிறு, எத்தனை பாட்டில் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

2

படகைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. அது மடக்கிப் பையில் வைக்கிற படகு. விலா எலும்பு மாதிரி மரச்சட்டங்கள், மேலே ரப்பர் பூசிய கித்தான் தோல். பிரித்தால் இரண்டு நீளமான பைகள். இருபது நிமிஷத்தில் கோத்தால் பதினேழு அடிப் படகு. மைதிலி காலேஜில் படித்தபோது இந்த ஊர்க் குளிர்க் கடலில் இதை ஓட்டப் பழகி, இரண்டு கோடைகள் ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்த்துச் சேர்த்த காசில், பழையதாக வாங்கினாள்.

விமானத்தில் ஆளுக்கு இருபது கிலோதான் அனுமதி. இரண்டு பேருக்கு நாற்பது. படகும் துடுப்பும் கூடாரமும் சேர்ந்து முப்பத்தாறு. மீதி நாலு கிலோவில் நாங்கள் இருவரும் எட்டு வாரத்துக்கான துணியைக் கட்டினோம். நான் உடுத்தியிருந்ததைத் தவிர ஒரு வேட்டி, இரண்டு சட்டை, சவரப் பெட்டி, மாத்திரைகள்.

பம்பாயில் ஒரு சுங்க அதிகாரி பைகளைப் பிரிக்கச் சொன்னார். பிரித்தோம். மரக்கட்டைகளைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். படிவத்தில் கைக்கடிகாரத்துக்கு இடம் இருந்தது, டேப் ரிக்கார்டருக்கு இடம் இருந்தது. படகுக்கு இல்லை.

"இது வாகனமா, மரச்சாமானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"விளையாட்டுப் பொருள்," என்றாள் மைதிலி.

அவர் என்னைப் பார்த்தார். "இந்த வயதிலா?" என்றார். கேள்வி என்னைப் பற்றியது என்று புரிந்துகொள்ள எனக்கு நேரம் பிடித்தது. ஒரு மணி நாற்பது நிமிஷம் கழித்து விட்டார்கள்.

3

தண்ணீர் புகாத பைகளில் ஆறு பைகள் மடிப்பில் கிழிந்துபோயிருந்தன. சென்னையில் அப்படிப்பட்ட பைகள் எங்கே கிடைக்கும்? தி. நகரில் ரங்கநாதன் தெரு முழுக்க நடந்தோம். பதினான்கு கடை. பிளாஸ்டிக் கூடை இருந்தது, மழைக்கோட்டு இருந்தது, மேஜை விரிப்பு இருந்தது. கடைசியில் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில், படுக்கையில் நோயாளிக்கு அடியில் போடுகிற ரப்பர் ஷீட்டைக் கண்டுபிடித்தவள் மைதிலிதான்.

"எத்தனை மீட்டர் சார்?"

"ஆறு."

கடைக்காரர் நிமிர்ந்தார். "ஆறா? பேஷண்ட் எத்தனை நாளா படுக்கை சார்?"

"பேஷண்ட் நிக்கறா," என்று மகளைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அவர் மனத்தில் வேறு ஏதோ ஓடியிருக்க வேண்டும். விலையில் ஒரு ரூபாய் குறைத்துக்கொண்டார்.

நான் அவரிடம் ஆங்கிலத்தில் நன்றி சொன்னேன். தையற்கடையிலும் சொன்னேன், சைக்கிள் கடையில் பழைய டியூபைக் கட்டுக்கயிறாக வெட்டிக் கொடுத்தவரிடமும் சொன்னேன். பதினேழு வருஷத்துப் பழக்கம். தெற்கு மாட வீதித் தையற்காரர், "சாருக்கு எந்த ஊரு?" என்றார். அவர் கடையிலிருந்து முந்நூறு அடி தள்ளிப் பிறந்தவன் நான். சொல்லவில்லை. சொன்னால் மேலும் கேள்வி வரும்.

தங்கை பங்கஜத்துக்கு இந்த ஏற்பாடு எதுவும் பிடிக்கவில்லை. ரப்பர் பைகளை மாடிக்கு எடுத்துப் போகும்போது படியில் வழிமறித்து நின்றாள்.

"ஏண்ணா, ஒத்தப் பொண்ணு. சமுத்திரத்துல தனியா விட்டுட்டு நீ பாட்டுக்கு ரப்பர் பை தெச்சுண்டு இருக்கே. உனக்குப் பயமா இல்லையோ?"

"பயமாத்தான் இருக்கு."

"அப்போ வேண்டாம்னு சொல்லேன்."

"சொன்னா கேப்பாளா?"

"நீ சொல்லிப் பாத்தியோ?"

நான் சொல்லிப் பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்லி, அவளும் சரியென்று கேட்டு, அந்த வருத்தத்திலேயே சென்னையில் தங்கிவிட்டால்? போ என்று சொல்லி, போன இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பையை வாங்கி மாடிக்குக் கொண்டுபோவது ஒன்றுதான் எனக்குச் செய்ய முடிந்தது.

4

வியாழக்கிழமை அடையாறு முகத்துவாரத்தில் ஒத்திகை. ஊரூர்க் குப்பத்து ஏகாம்பரம் என்கிற மீனவரை மைதிலி எப்படியோ சிநேகம் பிடித்து வைத்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நாங்கள் படகு கோப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் இது, போட்டா கொடையா? மடிச்சி பையில வெச்சிகினு வந்துகிறீங்க!"

"படகுதாங்க."

"இத்த எடுத்துகினு பாப்பா மாபலிபுரம் போவுதா?" ஒரு சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. மீன் இதப் பாத்துட்டு சிரிச்சே செத்துரும்."

மைதிலி அவரிடம், "நாளன்னிக்கிக் காத்து எப்படி இருக்கும், நீ சொல்லு," என்றாள். எனக்குக் கூசியது. வீட்டில் என்னிடமும் அம்மாவிடமும் மட்டுமே தமிழ் பேசி வளர்ந்தவள். அவளுக்குத் தெரிந்த ஒரே மரியாதை 'நீ'தான். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"அட, வுடு சார்," என்றார் ஏகாம்பரம். "தண்ணிக்குள்ள எறங்கிட்டா அல்லாரும் நீதான். காத்து இன்னா, என்னைக் கேட்டா வருது? வெள்ளன கெளம்பு பாப்பா. எட்டு மணிக்கு மேல அலை ஏறிக்கும். ஓட்டம் தெக்கால போய்க்கினுகீது, அது உனுக்கு நல்லது."

அது இரண்டு பேர் படகு. கூட வருவதாக இருந்த சிநேகிதி கடைசி வாரத்தில் வரவில்லை என்று எழுதிவிட்டாள். முன்னால் ஆள் இல்லாவிட்டால் படகின் மூக்கு தூக்கிக்கொள்ளும், காற்று பிடித்துத் திருப்பும். மூட்டையை முன்னால் ஏற்றிச் சரிக்கட்ட வேண்டும். எவ்வளவு எடை வைத்தால் சரியாக இருக்கும் என்று பார்க்க அங்கே கையில் மூட்டை இல்லை.

ஏகாம்பரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெரியவரே, நீங்க எவ்ளோ கிலோ?"

"ஐம்பத்தெட்டு."

"அப்பறம் இன்னா? மூட்டை ரெடி. ஏறு பாப்பா, நைனாவை முன்னால போடு."

எனக்கு நீந்தத் தெரியாது. ஆனாலும் ஏறினேன். ஆற்று நீரில்தான், இருபத்தைந்து நிமிஷம். முன்னால் உட்கார்ந்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாதாம். திரும்பினால் படகு ஆடும். பின்னாலிருந்து துடுப்பு விழும் சத்தம் மட்டும் கேட்டது. நான் சொல்லாமலே படகு இடது பக்கம் போனது, நான் பயந்த இடத்தில் மெதுவானது. கரையில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"அப்பா, கையை ரெண்டு பக்கமும் பிடிச்சுக்காதே. மடியில வெச்சுக்கோ."

மடியில் வைத்துக்கொண்டேன்.

5

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மாலை ஐந்து பத்துக்கு மைதிலி கடலைப் பார்த்துவிட்டு வர ஊரூருக்குப் பஸ் ஏறினாள். விடிகாலை கிளம்ப வேண்டும். மாடியில் முப்பத்தொரு சின்னப் பைகளும் நானும்.

எங்கள் குடும்பம் ரயிலேறும்போதெல்லாம் உருப்படி எண்ணும் வழக்கம் உண்டு. உங்கள் வீடுகளிலும் இருக்கும். பெட்டி, ஹோல்டால், கூஜா, சாப்பாட்டுக் கூடை என்று எல்லாவற்றையும் சேர்த்து இத்தனை உருப்படி என்று கிளம்பும்போது ஓர் எண் சொல்லப்படும். செங்கல்பட்டில் எண்ண வேண்டும், விழுப்புரத்தில் எண்ண வேண்டும், இறங்கியதும் எண்ண வேண்டும். அதனால் கிளம்பும் முன்பே சின்னதைப் பெரிதுக்குள் போட்டு, பெரிதை ஜமுக்காளத்தில் சுற்றி, எண்ணிக்கையைக் குறைத்துவிடுவோம். பத்துக்கு மேல் போனால் என் தகப்பனார் வாசலிலேயே நின்றுவிடுவார். 1931-இல் விழுப்புரத்தில் விட்டுவிட்ட ஒரு கூஜாவைப் பற்றி எங்கள் வீட்டில் ஒன்பது வருஷம் பேசினார்கள்.

முப்பத்தொன்று! நடுக்கடலில் ஒரு பெண் முப்பத்தொன்றை எப்படி எண்ணுவாள்? ஒன்று தவறி விழுந்தால் எப்படித் தெரியும்? எனக்கு உட்காரப் பொறுக்கவில்லை. பங்கஜத்தின் பரணிலிருந்து பழைய ஹோல்டாலை இறக்கினேன். இரண்டு ஜமுக்காளம், பதினாறு முழம் கயிறு. இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் கட்டி முடித்தேன். ஏழு உருப்படி. ஒவ்வொன்றிலும் மசியால் 1/7, 2/7 என்று எழுதினேன். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று தனித்தனி ஜாபிதா எழுதி முடிச்சில் செருகினேன்.

மைதிலி எட்டரைக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். "எல்லாம் கட்டி வெச்சுட்டேன்," என்றேன். பைகளின் வாயைக் கட்டி வைத்ததைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து, "தேங்க்ஸ்பா," என்றாள்.

6

சனிக்கிழமை காலை ஐந்தேமுக்கால். மைதிலி முன்னாலேயே போய்க் குப்பத்து மணலில் படகைக் கோத்துத் தயாராக வைத்திருந்தாள். டாக்ஸியிலிருந்து நான் உருப்படிகளை இறக்கி வரிசையாக வைத்தேன். ஏழும் சரியாக இருந்தன.

மைதிலி முதல் மூட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இரண்டு சட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி பதினோரு அங்குலம். என் ஹோல்டாலின் விட்டம் இருபத்திரண்டு. அதை நான் அளந்திருக்க வேண்டும். முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன், அளக்கவில்லை.

மீன்கூடையோடு நின்ற ஓர் அம்மாள், "இன்னாடி இது, பொண்ணுக்குச் சீர்வரிசையா?" என்றாள்.

"மாப்ள மாபலிபுரத்துல கீறாரு போல," என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம், "சும்மா கெடங்க," என்று அதட்டினார். அவருக்கும் சிரிப்புத்தான்.

மைதிலி முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினாள். நான் போட்ட முடிச்சுகள் சாதாரணமாக அவிழாது. எல்லாவற்றையும் மணலில் பரப்பி, பழையபடி பை பையாகப் பிரித்து முடிப்பதற்கு இரண்டு மணி இருபது நிமிஷம் ஆயிற்று. உள்ளே நீர் புகுந்தால் இறைக்கிற கைப்பம்பு நாலாவது மூட்டையின் நடுவில், கூடாரத்துக்குள் சுருட்டியிருந்தது. அதை எடுத்து முதலில் படகுக்குள் வைத்தாள்.

ஏகாம்பரம் கடலைப் பார்த்தார். "இன்னிக்கி வாணாம் பாப்பா. அலை ஏறிப்போச்சி."

அவளுக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம்தான் வரும். குரலை உயர்த்தவில்லை. கேட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னாள். அந்த மொழியில் அது நாலே வார்த்தை. அம்மா போனபிறகு எங்கள் வீட்டில் பேச்சு மெல்ல மெல்ல ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. இரண்டு பேரும் கோபமாக இல்லாத நாளிலும். அன்றைக்கு மணலில் நின்று அதைக் கேட்டபோது, அவள் எங்கேயோ தூரத்திலிருந்து பேசுவதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பங்கஜம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "வேணும்னே பண்ணினியோ அண்ணா?"

இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் படகு அன்று கிளம்பாது என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

7

இரண்டாவது நாணயம் தீர்ந்து மூன்றாவது போட்டிருக்கிறேன். கீழ்த் தளத்துக் கிழவி மழையைப் பற்றிச் சொல்ல மாடி ஏறி வந்து போனாள். இந்த ஊரில் மழை பெய்கிறது என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது ஒரு மரியாதை. பதினெட்டு வருஷமாகியும் அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குப் பழகவில்லை. "எண்ணிக்கொண்டிருக்கிறேன், பதினோரு நாள்," என்றேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மைதிலி என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். கோபம் தணிந்திருந்தது, தமிழில்தான் கூப்பிட்டாள். படகில் உட்காருவதுபோல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் முப்பத்தொரு பைகளையும் வைத்திருந்தாள். துண்டை என்னிடம் நீட்டினாள்.

"என் கண்ணைக் கட்டுப்பா. ஏதாவது கேளு."

கட்டினேன். "விசில்," என்றேன்.

கை இடது தோள்பக்கம் போயிற்று. விசில் வந்தது.

"தண்ணி."

தொடைக்கு அடியிலிருந்து பாட்டில்.

"கித்தான் கிழிஞ்சா ஒட்டற டப்பா."

முதுகுக்குப் பின்னால், வலதுபக்கம், மூன்றாவது பை. டார்ச், கத்தி, கைப்பம்பு, பேரீச்சம்பழம், காயத்துக் கட்டுத்துணி. பதினோரு சாமான் கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன். ஆக அதிகம் ஆனது ஆறு விநாடி.

"இருட்டுல, அலை மேல அடிக்கறப்போ, கண்ணு தெரியாதுப்பா. ஒரு கைதான் இருக்கும். இன்னொரு கையில துடுப்பு. எண்ணிண்டு இருக்க முடியாது."

"விழுந்துபோனா எப்படித் தெரியும்?"

"கையை வெச்சா இருக்காது. அப்போ தெரிஞ்சுடும்."

நான் கண்கட்டை அவிழ்த்தேன். பிறகு என் ஜாபிதாவை நான் படிக்க, அவள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒரு பையைக்கூட நான் தொடவில்லை. பங்கஜம் மேலே வந்து, நாலு வாழையிலைப் பொட்டலம் புளியோதரையைப் படியில் வைத்துவிட்டு, "இதையும் எங்கேயாவது செருகிக்கோடி," என்று கீழே போனாள். மைதிலி அதற்கு ஓர் இடம் கண்டுபிடித்தாள். முப்பத்திரண்டாவது பை.

8

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு இருபதுக்கு அலையைத் தாண்டினாள். ஏகாம்பரம் கட்டுமரத்தில் கூடப் போய்த் தாண்டவிட்டுத் திரும்பி வந்தார். நான் துடுப்பு ஏறி இறங்குவதை எண்ணினேன். முந்நூற்றுப் பதினெட்டுக்கு மேல் கண்ணுக்குத் தெரியவில்லை.

"இன்னாத்த எண்ணிக்கினு கீறீங்க?" என்றார் ஏகாம்பரம். "போயி காபி சாப்புடுங்க. அது போயிரும். கை நல்லா பேசுது."

திங்கள்கிழமை மகாபலிபுரத்தில் மத்தியானம் ஒரு மணியிலிருந்து கடற்கரையில் நின்றேன். இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். மூன்று மணிக்கும் வரவில்லை. சங்கு விற்கிறவன் ஒருத்தன் என்னையே சுற்றிச் சுற்றி வந்தான். அவனைக் கோபித்துக்கொண்டேன், பிறகு ஒரு சங்கு வாங்கினேன். மூன்று நாற்பதுக்கு வடக்கே ஒரு சின்னக் கோடு தெரிந்தது. கரையேறியபோது மூக்குத்தோல் உரிந்திருந்தது, உள்ளங்கையில் மூன்று கொப்புளம்.

"சாப்பிட்டியாப்பா?" என்றாள். அதுதான் முதல் வார்த்தை.

பஸ் கண்டக்டர், நீளமான இரண்டு பைகளையும் பார்த்து, "உள்ள இன்னா சார்?" என்று கேட்டார்.

"படகு."

"தமாஷ் பண்ணாதீங்க சார். மேல போடுங்க."

அடையாறு வரும்வரை மைதிலி பேசிக்கொண்டே வந்தாள். கோவளத்தில் கூடாரம் போட்டதும் குப்பத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்களாம். மீன் வேண்டாம் என்றதும் கஞ்சியும் ஊறுகாயும் கொண்டுவந்து கொடுத்தார்களாம். ஒரு கிழவி கூடாரத்துக்குள் தலையை நீட்டிப் பார்த்து, "இது யாரு உன்னை வூட்ட வுட்டுத் தொரத்தினது?" என்று கேட்டாளாம். மைதிலி அதை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்சீட்டுக்காரரும் சிரித்தார்.

"எந்த ஊர்னு கேட்டா. மயிலாப்பூர்னு சொன்னேன்."

"கிளாஸ்கோன்னு சொல்லலையா?"

யோசித்தாள். "தோணலைப்பா."

ஒரு மணி நாற்பத்திரண்டு நிமிஷம் இடைவிடாமல் பேசினாள். நடுவே வந்த ஆங்கில வார்த்தை இருபத்தொன்று, அதில் ஒன்பது படகின் பாகங்கள். அவளுடைய அம்மா போனபிறகு அத்தனை நேரம் அவள் தமிழில் பேசிக் கேட்டதில்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே திருவான்மியூர்த் தென்னந்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றை எண்ணவில்லை.

9

ஆனால் 30-ஆம் தேதி காலை காபி குடிக்கும்போது அவள் வேறு மாதிரி சொன்னாள்.

"நான் உன்னோடயே வரேன்பா. ஸ்கூலுக்கு வேண்டாம்னு எழுதிடறேன்."

நான் உடனே சரியென்றேன். பதினோரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன். பால்காரனுக்குக் காசு கொடுத்தேன், பேப்பரைப் பிரித்தேன். பிறகு அவள் கூடத்து மேஜையில் உட்கார்ந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதுவதைப் பார்த்தேன். நாலு வரி எழுதுவாள், கிழிப்பாள். மூன்று தாள் ஆயிற்று. வேண்டாம் என்று எழுத நாலு வரி போதும்.

"ஏன் வரேங்கறே?" என்று கேட்டேன்.

"நீ தனியா என்ன பண்ணுவே அங்கே? அறுபத்திரண்டு படி ஏறணும். மழை வேற."

"பென்ஷனுக்கு இன்னும் பதினெட்டு மாசம் இருக்கு. அதுவரைக்கும் ஏறித்தான் ஆகணும்."

"அதான் சொல்றேன்."

எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. வா என்று சொல்லலாம், வந்துவிடுவாள். இரு என்று சொல்லலாம். என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எழுந்து போய் என் சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்தேன். இரண்டு டிக்கெட்டும் ஒரே உறையில், ரப்பர் பாண்ட் போட்டு, கிளம்பிய நாளிலிருந்து என்னிடம்தான் இருந்தன. அவளுடையதை மட்டும் உருவி மேஜையில் வைத்தேன்.

"இதை நீ வெச்சுக்கோ. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. என்னை இதுல சேக்காதே. எனக்கு என் டிக்கெட் இருக்கு."

"கோபமாப்பா?"

"இல்லை."

"நீ தனியா இருந்துடுவியா?"

"தெரியலை," என்றேன். "இருந்து பாத்தாத்தான் தெரியும்."

மறுநாள் பகல் முழுக்க அவள் வெளியே எங்கேயோ சுற்றினாள். நான் எங்கே என்று கேட்கவில்லை. பங்கஜம் இரண்டு தரம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். மூன்று மணிக்கு மைதிலி திரும்பி வந்தாள். காலில் மணல். வாசலில் நின்றபடியே, "அப்பா, என்கூட மவுண்ட் ரோடு வரியா? அஞ்சு மணிக்கு மூடிடுவா," என்றாள்.

பஸ் ஏறினோம். ராயப்பேட்டை மணிக்கூண்டு தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொப்புளங்கள் காய்ந்து தோல் தடித்திருந்தது.

விமானக் கம்பெனிக் கவுண்ட்டரில் ஓர் இளைஞர். படிவத்தை அவள்தான் நிரப்பினாள். ரத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். சொந்தக் காரணம் என்று எழுதச் சொன்னேன். அவள் எழுதியது வேறு: பயணி சென்னையில் வேலையில் சேர்ந்திருக்கிறார். கையெழுத்தையும் தமிழில் போட்டாள். அந்த இளைஞர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாஸ்போர்ட்ல இங்கிலீஷ்ல இருக்கே மேடம்."

இன்னொரு படிவம். இன்னொரு தரம் எழுதினாள்.

"டிக்கெட் பணம் வாங்கின எடத்துலதான் திருப்பித் தருவாங்க சார்," என்றார் என்னிடம். "கேன்சலேஷன் சார்ஜ் மட்டும் இங்க கட்டிடணும்."

"நான் குடுக்கறேன்பா," என்றாள் மைதிலி. "மொதல் மாசச் சம்பளம் வந்ததும் தரேன்."

"இருக்கட்டும்," என்றேன். பர்ஸைத் திறந்து நோட்டுகளைக் கவுண்ட்டர் மேல் ஒவ்வொன்றாக வைத்தேன். அவர் எண்ணினார், நான் எண்ணினேன், ரசீது எழுதினார். ரூபாய் இருநூற்றுப் பதினேழு, பைசா ஐம்பது.